மனைவிக்கு 17 வாரம்: அமெரிக்காவில் பிரசவம் பார்க்க விசா கேட்கலாமா?

கரூர்த்துண்டு:

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம், நானும் மச்சானும். பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேசை விரிப்பு, நாற்பது தையல் மிஷின், அவ்வளவுதான். முக்கால்வாசி சரக்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து 50 சதவீத வரி என்றதும் இரண்டு பையர் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெட்டிய துணி கட்டிங் மேசையில் அப்படியே கிடக்கிறது. இந்தத் தொழிலில் என் பிள்ளையும் வந்து உட்கார வேண்டாம் என்று ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கும்போது தோன்ற ஆரம்பித்ததுதான் இந்த யோசனை.

கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து மனைவி உண்டாகியிருக்கிறாள். இப்போது 17 வாரம். மார்ச் இரண்டாவது வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். எனக்கு பி1/பி2, அதாவது வியாபார, சுற்றுலா விசா ஏற்கெனவே இருக்கிறது, பத்து வருடத்துக்கு. நியூயார்க்கில் பையர் சந்திப்புக்காக இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். அவளுக்கு விசா இல்லை.

தெரிந்தவர் மூலம் கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்ட்டைப் பார்த்தேன். விசா, தங்குமிடம், ஆஸ்பத்திரி, குழந்தைக்குப் பாஸ்போர்ட் எல்லாம் சேர்த்து 28 லட்சம் என்கிறார். முன்பணம் 50,000 கட்டியாயிற்று. அவர் சொன்ன யோசனைகளை அப்படியே எழுதுகிறேன்: "வயிறு தெரிவதற்குள் நேர்காணலை முடித்துவிட வேண்டும். துப்பட்டாவை அகலமாக விரித்துப் போட்டுக்கொண்டு வரட்டும். டிஸ்னி பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். ஸ்கேன் ஃபைலைக் கையில் எடுத்து வராதீர்கள். 26-வது வாரத்தில் விமானம் ஏறிவிடலாம், 28 ஆகிவிட்டால் விமானக்காரன் டாக்டர் லெட்டர் கேட்பான்."

நான் கேட்பது இதுதான். மறைத்துச் சொன்னால் உண்மையிலேயே பெரிய தப்பா, இல்லை எல்லோரும் செய்வதுதானா? உள்ளதைச் சொல்லியே கேட்டால் கொடுப்பார்களா? பணம் இருக்கிறது, யார் தலையிலும் கட்டப் போவதில்லை. அப்புறம் அந்தப் பாஸ்போர்ட் பிள்ளைக்கு எவ்வளவு உதவும்? 21 வயதில் எங்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட்.

அத்தைக்கு, அதாவது அவள் அம்மாவுக்கு, இதில் துளியும் சம்மதம் இல்லை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போடாமல் பிள்ளைத்தாச்சியை விமானத்தில் ஏற்றுவதா என்கிறார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேன் படத்தை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

*

படிவக்கடை:

தம்பி, சென்னையில் விசா படிவம் நிரப்பித் தரும் கடை வைத்திருக்கிறேன், ஒன்பது வருடமாக. படிவத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வேன். விசா வாங்கித் தருகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, அதனால் இதில் எனக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்கிற "உள்ளதைச் சொல்லிக் கேட்பது" 2020 வரைக்கும் நடந்த கதை. பிரசவத்துக்குப் போகிறோம், இதோ வங்கிக் கணக்கு, இதோ அங்கே டாக்டர் கொடுத்த தேதி என்று காட்டி வாங்கியவர்கள் இருந்தார்கள். 2020 ஜனவரி 24-லிருந்து விதி மாறிவிட்டது. பிள்ளைக்குக் குடியுரிமை வாங்குவதற்காக அங்கே போய்ப் பெறுவது சுற்றுலா விசாவுக்கு உரிய காரணம் ஆகாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். தங்கியிருக்கும் நாளுக்குள் பிரசவம் ஆகும் என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருந்தால், போகிற நோக்கமே அதுதான் என்று அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு.

காட்டவே முடியாது என்று இல்லை. தாயார் அங்கே சாகக் கிடக்கிறார், மகள் பார்க்கப் போகிறாள், நாளும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது என்றால் அது வேறு. வயிற்றுப் பிள்ளைக்கோ தாய்க்கோ ஏதோ சிக்கல், அங்கே ஒரு டாக்டர் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், முழுச் செலவுக்கும் பணம் இருக்கிறது என்றாலும் கேட்பார்கள். கரூரில் நல்ல ஆஸ்பத்திரி இருக்க, ஆரோக்கியமாக இருக்கிற பெண்ணுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. பணம் இருக்கிறது என்பது மட்டும் பதில் இல்லை.

இப்போது துப்பட்டா விஷயம். விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-160 படிவத்தில் கர்ப்பமா என்று ஒரு கட்டமும் கிடையாது, உண்மைதான். உங்கள் ஏஜென்ட் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். ஆனால் பயணத்தின் நோக்கம் என்ன என்று கட்டம் இருக்கிறது. எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், யார் செலவு என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே தன் பெயரையும் விலாசத்தையும் போடச் சொல்கிறாரா என்று உங்கள் ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் என் பெயரைப் போடுகிறேன். போட மாட்டேன் என்கிறவரிடம் 28 லட்சம் எதற்கு?

விசா மறுப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்று நம்பிக்கை வரவில்லை என்று 214(பி) பிரிவில் மறுப்பது ஒன்று. ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், 185 டாலர் போகும், நிலைமை மாறினால் மறுபடி போகலாம். அது தினமும் நடப்பது, வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்னொன்று, தெரிந்தே பொய் சொன்னார் என்று எழுதி மறுப்பது. அதற்கு வருடக் கணக்கே கிடையாது, ஆயுளுக்கும். விலக்குக் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்னி என்று சொல்லிவிட்டு பிரசவத்துக்குப் போனால் அது இரண்டாவது வகைக்கு நேராகப் போகிற பாதை.

உங்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து, நீங்கள் யோசித்தீர்களா தெரியவில்லை. உங்கள் பையர் எல்லாம் அங்கே. உங்கள் விசா முடிந்து புதுப்பிக்கப் போகும்போது படிவத்தில் மனைவி விவரம் வரும், கேள்வியும் வரும். தொழில் செய்கிறவனுக்கு அந்த விசா தறிக்கு நூல் மாதிரி. அதைக் கொண்டு போய்ப் பந்தயம் கட்டுவீர்களா?

இதெல்லாம் போக, 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் போட்ட உத்தரவு. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பனுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லை என்றால், பிப்ரவரி 19-க்குப் பிறகு அங்கே பிறக்கிற பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது என்கிறது அது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. 1868-ல் வந்த 14-வது திருத்தம், 1898-ல் வோங் கிம் ஆர்க் என்ற சீன வம்சாவளிக்காரர் வழக்கில் வந்த தீர்ப்பு, இரண்டும் பிள்ளை பக்கம் இருக்கின்றன. ஆனால் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 28 லட்சம் கட்டுகிறவர் அதைத் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும். ஏஜென்ட் இதைச் சொன்னாரா?

நேர்காணல் ஸ்லாட் நிலவரம் வேறு. மாதக் கணக்கில் தள்ளிப் போகிறது. உங்களுக்குத் தேதி கிடைப்பதற்குள் பிள்ளை குப்புற விழுந்துவிடும்.

*

சும்மாஒருகருத்து:

அமெரிக்கா எதற்கு, கனடா போங்கள். அங்கேயும் பிறந்தால் குடியுரிமைதான். லண்டனிலும் உண்டு.

*

படிவக்கடை:

கனடாவில் பிறந்தால் குடியுரிமை, சரி. ஆனால் அங்கேயும் விசாவுக்குப் பொய் சொன்னால் ஐந்து வருடம் உள்ளே விட மாட்டார்கள். லண்டனில் அது 1983 ஜனவரி 1-ஆம் தேதியே முடிந்த கதை. ஆஸ்திரேலியாவில் 1986-ல் எடுத்துவிட்டார்கள். அயர்லாந்தில் 2004-ல் ஓட்டெடுப்பு நடத்தி எடுத்தார்கள். நம் ஊரிலேயே, 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் போதும், அப்பா அம்மா யார் என்று கேட்க மாட்டார்கள். இப்போது கேட்கிறார்கள். கருத்துச் சொல்லும் முன் தேதியையும் பார்த்துச் சொல்லுங்கள் சார்.

*

மலைக்கோட்டைஅம்மா:

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் மேலே சொல்லிவிட்டார்கள்.

என் பெரியவள் 2014-ல் நியூ ஜெர்சியில் பிறந்தாள். நாங்கள் அதற்காகப் போகவில்லை. வீட்டுக்காரர் ஹெச்-1பி விசாவில் வேலை பார்த்தார், நான் கூட இருந்தேன், அங்கே பிறந்தாள். 2017-ல் மாமனாருக்கு முடியாமல் போய்த் திருச்சிக்கே வந்துவிட்டோம். சின்னவள் இங்கே தில்லைநகரில் ஒரு நர்சிங் ஹோமில் பிறந்தாள். ஆக, ஒரே வீட்டில் ஒரே சாம்பார் சாப்பிட்டு வளரும் இரண்டு பெண்களில் ஒருத்தி அமெரிக்கப் பிரஜை, ஒருத்தி இந்தியப் பிரஜை. எட்டு வருடமாக இதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறேன்.

முதலில் நம் சட்டம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிள்ளைக்கு அந்தப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது, ஓசிஐ அட்டைதான். அது ஆயுள் விசா மாதிரி. இங்கே இருக்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டுப் போட முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. உங்களுக்குக் காவிரிப் பக்கம் தோட்டம் ஏதும் இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பரம்பரையாக வருவது வேறு, அவள் பணம் போட்டு வாங்குவது வேறு.

செல்வமகள் கணக்குக் கதையைச் சொல்கிறேன். சின்னவளுக்கு ஒரு வயது ஆனபோது இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று தபால் ஆபீஸ் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா சின்னவள் படிவத்தை வாங்கி முத்திரை குத்திவிட்டு, பெரியவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறப்புச் சான்றிதழில் நியூ ஜெர்சி என்று இருந்தது. "இந்தப் பாப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ இதைப் போட முடியாதும்மா, இந்தியக் குடியுரிமை வேணும்" என்று படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். அவர் மேல் தப்பில்லை, விதி அது. இன்றைக்கும் அலமாரியில் ஒரு பாஸ்புக்தான் இருக்கிறது. பெரியவள் அதைக் கையில் எடுத்து, என்னோடது எங்கே என்று கேட்ட நாள் ஒன்று உண்டு. அவளுக்குத் தங்க நாணயம் வாங்கி வைத்துச் சமாதானம் செய்தேன்.

பாஸ்போர்ட். 16 வயது ஆகும் வரைக்கும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதிதாக எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அப்பா அம்மா இரண்டு பேரும் நேரில் போய் நிற்க வேண்டும், இல்லை என்றால் வராதவரின் ஒப்புதல் கையெழுத்து முறைப்படி வேண்டும். 2019-ல் ஒரு முறை, 2024-ல் ஒரு முறை, ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, அவள் தலையைப் பின்னி, ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறோம். முந்தைய பாஸ்போர்ட்டில் இருப்பது இதே பிள்ளைதான் என்று காட்டக் குழந்தையிலிருந்து வருடம் வாரியாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அதையும் புதுப் போட்டோவையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். ஒருமுறை மறந்துபோய் மூன்று மாதக் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஞாபகம் வந்தது.

இப்போது படிப்பு. இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் என் பெண்ணுக்கும் உங்கள் பிள்ளைக்கும் இங்கேதான் வித்தியாசம். 2021 மார்ச் 4-ஆம் தேதி ஒரு அறிவிப்பு வந்தது. ஓசிஐ பிள்ளைகள் நீட், ஜேஇஇ எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்குத்தான். அந்த இடங்களின் கட்டணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வழக்குப் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன் ஓசிஐ வாங்கியவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்றது. என் பெண் 2014-லேயே வாங்கிவிட்டதால் தப்பித்தாள். அந்தத் தீர்ப்பு வந்த அன்று வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். உங்கள் பிள்ளை பிறக்கப் போவது 2026-ல். இங்கேயே வளர்ந்து, இங்கேயே பிளஸ் டூ முடித்து, டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டால், என்ஆர்ஐ இடத்துக்குத்தான் நிற்க வேண்டும். ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டார், அவர் வேலை மகப்பேற்றோடு முடிகிறது.

சரி, அங்கே போய்ப் படிக்கட்டும் என்பீர்கள். அங்கே மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைய, அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த நிறம் என்று பார்த்து யாரும் குறைப்பதில்லை. கரூரில் வளர்ந்த பிள்ளை வெளி மாநிலக் கட்டணம்தான் கட்ட வேண்டும். அரசு தரும் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அது ஒரு நன்மை, இல்லை என்று சொல்ல மாட்டேன். விசா வரிசையில் நிற்காமல் போய் வேலை தேடலாம், அது பெரிய நன்மை. என் பெண்ணுக்கு அந்த வசதி இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்ல விரும்பவில்லை.

21 வயதில் அப்பா அம்மாவை அழைப்பது: பிள்ளை அங்கே குடியிருக்க வேண்டும், உங்களைத் தாங்கும் அளவுக்கு வருமானம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். 21 வயதில் எந்தப் பிள்ளை சம்பாதிக்கிறது? தம்பி தங்கையை அழைக்கலாம் என்றும் சொல்வார்கள். இந்தியர்களுக்கு அந்த வரிசை பதினைந்து வருடத்துக்கு மேல் நீள்கிறது. சின்னவளிடம் விளையாட்டாகச் சொன்னேன், நீ பாட்டியாகும்போது அக்கா உன்னைக் கூப்பிடுவாள் என்று.

வருமான வரியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பிரஜை உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளை பெயரில் இங்கே இருக்கும் வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனிப் படிவம். மாமனார் பேத்தி பெயரில் ஆசையாகப் போட்ட டெபாசிட்டை எல்லாம் மாற்றி என் பெயரில் வைத்திருக்கிறோம். மியூச்சுவல் பண்ட் பக்கமே போவதில்லை. பையனாக இருந்தால் 18 வயதில் அங்கே ராணுவப் பட்டியலில் பெயர் பதிய வேண்டும், அது பதிவோடு சரி, ஆனாலும் வேண்டும்.

இதெல்லாம் பெரிய கஷ்டம் இல்லை தம்பி. எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. பெரியவள் நன்றாக ஓடுவாள், 200 மீட்டர். அண்ணா விளையாட்டரங்கத்தில் காலையில் பயிற்சி. போன வருடம் கோச் என்னிடம் வந்து, "மேல போனா இந்தியாவுக்கு ஓட இந்தியப் பாஸ்போர்ட் இருக்கணுமேம்மா" என்றார். அவள் ஸ்பைக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. கேட் திறக்கும்போது, "பெரியவளானதும் மாத்திக்கலாமா?" என்றாள். மாற்றலாம், அதற்கும் ஒரு வழி இருக்கிறது, நீண்ட வழி. இப்போதைக்கு ஓடுகிறாள்.

பிரசவ பில்லையும் சொல்லிவிடுகிறேன். சுகப்பிரசவம், இரண்டு ராத்திரி. ஆஸ்பத்திரி ஒரு பில், மயக்க மருந்து டாக்டர் ஒரு பில், குழந்தை டாக்டர் ஒரு பில், பிறந்து ஒரு நாள் ஆன குழந்தை பெயரிலேயே தனியாக ஒரு பில். காப்பீட்டுக்கு முன்னால் எல்லாம் கூட்டி 23,000 டாலர் வந்தது. எங்களுக்கு வேலை வழியாகக் காப்பீடு இருந்தது. உங்களுக்கு இருக்காது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் காப்பீடு பொதுவாகப் பிரசவத்தைத் தொடுவதில்லை. அந்த 28 லட்சத்தில் ஆபரேஷன் சேருமா, குழந்தை இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் யார் கட்டுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது.

*

ஓமலூரான்:

என் மைத்துனி விஷயம், சுருக்கமாக. அவளுக்கு ஏற்கெனவே விசா இருந்தது, பழையது. அதனால் நேர்காணல் தொல்லை இல்லை, போய்விடலாம் என்று ஆறரை மாதத்தில் கிளம்பினார்கள். எந்த ஊர் விமான நிலையம் என்று சொல்லவில்லை. விசா என்பது வாசல் வரைக்கும்தான், உள்ளே விடுவது குடிவரவு அதிகாரி. எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். மூன்று வாரம் என்றாள். பெட்டியைத் திறந்தார்கள். மூன்று வாரத்துக்குப் போகிறவள் பெட்டியில் கைக்குழந்தைச் சட்டை ஒரு டஜன், பிரசவ லேகியம் இரண்டு பாட்டில், அத்தை தைத்துக் கொடுத்த பழைய புடவைத் தூளித் துணி. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? போனையும் பார்த்தார்கள். டாக்டர் தேதி வாட்ஸ்அப்பில் இருந்தது.

ஐந்து மணி நேரம் ஒரு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்களாம். நீங்களாகவே திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் தடை இல்லாமல் அனுப்புகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். விசாவின் மேல் ரத்து என்று குத்தி அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கால் இரண்டும் வீங்கி வந்து இறங்கினாள். சேலத்தில் ஆண் குழந்தை, இப்போது எல்கேஜி, நன்றாக இருக்கிறான். அந்த லேகியத்தை மட்டும் திருப்பித் தரவில்லை என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

கரூர்த்துண்டு:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அவளிடம் போனைக் கொடுத்து முழுவதும் படிக்கச் சொன்னேன். செல்வமகள் கணக்கு வந்த இடத்தை இரண்டு முறை படித்தாள். ஓமலூர் அண்ணன் எழுதிய லேகியம் வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று. அப்புறம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், "காங்கேயம்." அவள் அம்மா வீடு.

முதலிலேயே கேட்டிருக்கலாம்தான். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை போலிருக்கிறது. தை மாதத்தில் வளைகாப்பு என்று அத்தை நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

படிவக்கடை அண்ணன் சொன்ன மாதிரி ஏஜென்ட்டுக்குப் போன் செய்து, படிவத்தில் உதவியவர் என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் தேவையில்லை சார், பொதுவா யாரும் போடறதில்லை" என்றார். வேண்டாம், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னதிலிருந்து எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அந்த 50,000 திரும்பி வருமா?

*

படிவக்கடை:

ரசீது கொடுத்தாரா?

*

கரூர்த்துண்டு:

இல்லை. ஜிபேயில் அனுப்பச் சொன்னார். குறிப்பில் "கேரளா டூர்" என்று போடச் சொன்னார். போட்டேன்.

*

படிவக்கடை:

சரி. அந்த ஸ்கிரீன்ஷாட்டையும், துப்பட்டா யோசனை சொன்ன வாட்ஸ்அப் செய்தி ஏதும் இருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள். கேரளா டூர் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. அடுத்த வாரம் பதில் வரவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், நுகர்வோர் ஆணையத்துக்கு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். அதற்கு மட்டும் படிவக் காசு வாங்க மாட்டேன்.